சிறந்த இரகசியப் பயனாளர்

இரத்தோட்டையிலிருந்து மலைக்கு ஏறும் பஸ், பெரிய வளைவில் கியர் மாற்றி மூச்சு வாங்குகிற இடத்தில் கலந்தரின் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, கருவாடு, தீப்பெட்டி, தலைவலி மாத்திரை எல்லாம் வைத்திருக்கிறார். இதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். கலந்தர் கடையில் மட்டும் கிடைப்பது சிக்னல். அதற்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் போன் என்பது மணி பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் உதவுகிற ஒரு பொருள். அதனால் தோட்டத்துச் சனங்கள் வங்கியில் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், வெளிநாட்டு ஏஜென்சியில் கேட்டாலும் கலந்தரின் நம்பரைத்தான் கொடுத்தார்கள். கலந்தரும் முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் தகவல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வந்து "நானா, கொஞ்சம் போன குடுங்க" என்றால், கலந்தர் போனை எடுத்துக் கொடுப்பார். கொடுத்த கையோடு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பருப்பு நிறுக்கத் தொடங்குவார். போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்கும்வரை திரும்பமாட்டார். யார் பேசினார்கள், யார் அழுதார்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். யாரும் கேட்காத பருப்புப் பொட்டலங்கள் அந்தக் கடையில் எப்போதும் அடுக்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்படி ஒழுங்காக இருந்த கடைக்கு ஒரு நாள் முன்னேற்றம் வந்து சேர்ந்தது.

மாத்தளை டவுனில் டிஜிட்டல் நலவாழ்வு ஏற்புச் செயலகம் என்று ஒன்று திறந்திருந்தார்கள். எச்.ஐ.வி. பற்றியும் மற்றப் பாலியல் நோய்கள் பற்றியும் மனிதரிடம் கேட்க வெட்கப்படுகிறவர்கள், போனிலே ஓர் இயந்திரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. கேள்வியை எழுதினால் போதும், அந்தச் செயற்கை நுண்ணறிவு தமிழிலேயே பதில் எழுதும். அதற்கு ‘நிம்மதி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் விளம்பரம் ஒன்றைக் கலந்தரின் கடைச் சுவரில், சவர்க்கார விளம்பரத்துக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார்கள்.

நிம்மதி நல்ல பிள்ளைதான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதைச் செயலகத்தார் வளர்த்த விதம் இருக்கிறதே! முதலில் அதற்கு ஒரு சொற்குழு அமைத்தார்கள். சொற்குழுவில் இருந்த பெரியவர்கள் கூசுகிற சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதில், முதல் மாதம் முழுவதும் நிம்மதி எந்தக் கேள்விக்கும் நிறையத் தண்ணீர் குடிக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தது. உதவி தந்த வெளிநாட்டார் முறைப்பாடு செய்த பிறகு சொற்கள் திரும்பி வந்தன. பிறகு, படிக்கத் தெரியாதவர்களும் பயன்பெற வேண்டும் என்று அதற்குக் குரல் வைத்தார்கள். அந்தக் குரலை நிறுத்த வழி வைக்கவில்லை. கடைசியாக, ஒவ்வோர் உரையாடலின் முடிவிலும் பயனாளர் தன் திருப்தியைத் தெரிவிக்க முகங்கள் வைத்தார்கள். ஆரம்பத்தில் சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று இருந்தன. மக்கள் அழுகிற முகத்தை அடிக்கடி அழுத்தியதால் அதையும் சும்மா இருந்ததையும் எடுத்துவிட்டு, சிரிக்கிற முகம், நன்றாகச் சிரிக்கிற முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம் என்று மாற்றினார்கள். மூன்றில் ஒன்றை அழுத்தாமல் நிம்மதியை விட்டு வெளியேற முடியாது.

தோட்டத்துச் சனங்கள் விளம்பரத்தைப் பார்த்தார்கள். லயத்துப் போன்களில் பாதி பொத்தான் போன். மீதியைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்க முடியாது. கலந்தரின் போனோ டேட்டா போட்ட பெரிய போன். போதாததற்கு அவர் முதுகைக் காட்டி நிற்கிற மனிதர். ஆகவே ஒருவர்பின் ஒருவராக வந்து, சீனி வாங்குகிற சாக்கில் போனை வாங்கினார்கள். அந்த மாதம் கலந்தர் நிறுத்த பருப்பு மலையைப் போலக் குவிந்தது.

இதில் ஒரு சிக்கல். நிம்மதிக்கு ஒரு நம்பர் என்றால் ஓர் ஆள். முதல் ஆள் பெயர் கேட்டபோது எதிரே இருந்த பலகையைப் பார்த்து ‘கலந்தர் ஸ்டோர்ஸ்’ என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு மலை முழுவதும் கேட்ட கேள்விகளை நிம்மதி கலந்தர் ஸ்டோர்ஸ் என்கிற ஒரே மனிதரின் துன்பமாக எண்ணி, மிகுந்த அக்கறையோடு நினைவில் வைத்துக்கொண்டது.

ஒரு நாள் பள்ளிவாசல் தர்மகர்த்தா றிஸ்வான் ஹாஜியார் சீனி வாங்கிக்கொண்டிருந்தபோது போன் தானாகப் பேசியது.

"அன்புள்ள கலந்தர் ஸ்டோர்ஸ் அவர்களே, உங்கள் மாதவிடாய் தள்ளிப்போனது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது நலமா? உங்கள் விரைவீக்கம் குறைந்ததா? ஆணுறை கிழிந்தது பற்றி நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை."

ஹாஜியார் சீனியைக் கீழே வைத்தார். "கலந்தர், ஒங்களுக்கு எனத்த செய்யிது?"

"எனக்கு ஒண்டுமில்ல ஹாஜியார். போன் பேசுது."

"போன் ஒங்கட பேர செல்லித்தானே பேசுது?"

தோட்டத்து ஆட்கள் கேட்டது என்று சொன்னால், எந்த ஆள் என்று ஹாஜியார் கேட்பார். கலந்தருக்கோ எந்த ஆள் என்று உண்மையிலேயே தெரியாது. தெரிந்தாலும் சொல்கிற மனிதர் அல்ல. சீனிக்குப் பக்கத்தில் ஒரு பருப்புப் பொட்டலத்தையும் இனாமாக வைத்து ஹாஜியாரை அனுப்பினார்.

இதற்கிடையில் செயலகத்தில் ஒரே குதூகலம். மாவட்டத்திலேயே நிம்மதியை அதிகம் ஏற்றுக்கொண்டவர் யார் என்று தேடியதில் கலந்தரின் நம்பர் எங்கேயோ உச்சியில் நின்றது. ஆராய்ந்து வரும்படி வெளிக்கள உத்தியோகத்தர் விதுஷாவை அனுப்பினார்கள். அவளும் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. கடைக்கு வந்து ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் இரண்டு பெண்கள் வந்து போன் வாங்கியதையும், கலந்தர் திரும்பி நின்றதையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நம்பரில் ஒரு மலையே பேசுகிறது என்று போய்ச் சொன்னாள்.

பணிப்பாளர் இந்திரகுமார் அவளைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் நேராக வந்தார். புகைப்படக்காரரும் வந்தார்.

"சேர், இதெல்லாம் நான் கேட்ட கேள்வி இல்ல" என்றார் கலந்தர். "மேல ஈக்கிற ஆக்கள் கேட்டது."

பணிப்பாளர் கனிவோடு அவர் தோளில் கை வைத்தார். "எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. ‘என் கூட்டாளி ஒருத்தனுக்கு ஒரு பிரச்சினை’ என்று சொல்லாத ஒரு பயனாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பெயர்தான் தயக்கம். உங்கள் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்."

"சேர், மாதவிடாய்ன்னு கேட்டீக்கி. எனக்கு அம்பத்தாறு வயசு."

"ஏற்புக்கு வயது தடை இல்லை" என்று பணிப்பாளர் விதுஷாவைப் பார்த்தார். "எழுதிக்கொள்ளுங்கள், நல்ல வசனம்."

விதுஷா மெல்ல, "சேர், இது பல பேர் பாவிக்கிற போன். விருது குடுத்தா அவங்க பயந்து வராம போயிடுவாங்க" என்றாள்.

"மிஸ் விதுஷா, மக்கள் சுகமாகிறார்களா என்று பார்ப்பது ஆஸ்பத்திரியின் வேலை. மக்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்ப்பதுதான் நம்முடைய வேலை. ஒருவருடைய வேலையில் மற்றவர் தலையிடக் கூடாது."

மாவட்டத்தின் சிறந்த பயனாளர் விருது தமக்கு என்று கேள்விப்பட்டதும் கலந்தர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் அது ஏற்பின்மை என்று பதிவாகும் என்றார் பணிப்பாளர். ஏற்பின்மை பதிவான நம்பருக்கு நிம்மதி பதில் சொல்லாது. கலந்தர் மலைப் பக்கம் பார்த்தார். சீனி வாங்குகிற சாக்கில் இறங்கி வருகிறவர்களை நினைத்தார். டவுனுக்குப் போய் ஒரு டொக்டரிடம் வாய் திறந்து கேட்கிற தைரியம் அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. கடைசியில், பெயரையும் முகத்தையும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

"இரகசியம்தான் எங்கள் உயிர்" என்றார் பணிப்பாளர்.

அடுத்த கிழமை இரத்தோட்டை பஸ் நிலையத்தில் பெரிய பதாகை ஒன்று கட்டப்பட்டது. ‘சிறந்த இரகசியப் பயனாளர்’ என்று தலைப்பு. கீழே ஒரு மனிதரின் படம். முகத்தை முறைப்படி மங்கலாக்கியிருந்தார்கள். தலைக்கு மேலே ‘கலந்தர் ஸ்டோர்ஸ்’ என்கிற பலகை பளிச்சென்று இருந்தது.

கலந்தரின் மனைவி ஸரீனா பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மகள் நிப்லாவுக்கு உக்குவளைப் பக்கம் அக்ரம் என்ற பையனைப் பேசி, நிச்சயம் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"மொகத்த மறச்சாங்க. கடைய மறைக்கல்லயே" என்றாள்.

"எனக்கு ஒண்டுமில்ல ஸரீனா. தோட்டத்து ஆக்கள்ட கேள்வி அது. ஒங்களுக்குத் தெரியுந்தானே."

"எனக்குத் தெரியும். அக்ரம்ட உம்மாக்கு யாரு செல்ற?"

அக்ரமின் தாய் ஆஸியாவுக்கு ஸரீனாவே போன் எடுத்து, அது ஏதோ கடைக்காரருக்குக் கொடுக்கிற விருது என்று சொல்லிச் சமாளித்தாள். அத்தோடு அது முடிந்திருக்கும்.

விழாவுக்கு இரண்டு நாள் முந்திய திங்கட்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மேல் லயத்து சசிக்குமார், தன் மனைவி அனுஷியாவோடு உடனே பேச வேண்டும் என்றான். அவன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு சாயங்காலம்தான் திரும்பிப் போயிருந்தான். தகவல் கிடைத்து, சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்த அனுஷியாவிடம் கலந்தர் போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார், ரேடியோவைக் கூட்டினார், பருப்பு நிறுத்தார். போனை வைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. கடைசியில் கேட்டபோது திரும்பினார். அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நானா, டவுன்ல இந்த நோய்க்கு ஒரு கிளினிக் இருக்காமே. நாளைக்குத் தொறந்திருக்குமா?"

"நாளைக்கிப் போயா, பௌர்ணமி லீவு புள்ள. எல்லாம் பூட்டு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். வெளிநாட்டு வேலைக்கென்று சசிக்குமார் இரத்தம் கொடுத்திருந்தான். முடிவு இன்றைக்குத்தான் சொன்னார்களாம். அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவனுக்கே தெரியாது, போனில் குழந்தையைப் போல அழுதானாம்.

"நிம்மதிகிட்ட கேட்டேன் நானா. மூணு நாளைக்குள்ள மருந்து எடுக்க ஆரம்பிச்சா எனக்குப் புடிக்காம தடுக்கலாம்னு சொல்லுது. எவ்வளவு சுருக்கா போறோமோ அவ்வளவு நல்லதாம். அவரு ஞாயித்துக்கெழம வரைக்கும் வீட்ல இருந்தாரு. அப்ப புதன்கெழமைக்குள்ள, இல்லையா?"

"புதன் வெளனா போங்க. மொத பஸ்ல போங்க."

"மாமியாருக்குத் தெரிஞ்சா என்னைய லயத்துல வச்சிருக்கமாட்டாங்க நானா. நான்தான் அவருக்குக் குடுத்தேன்னு சொல்லுவாங்க."

அவளுடைய மாமியார் காத்தாயி அப்படிச் சொல்லக்கூடியவள்தான். இவ்வளவு பெரிய பயத்தை ஒரு பெண் தனியே தூக்கிக்கொண்டு மலை ஏறுவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு வலித்தது.

புதன்கிழமை விழா. அனுஷியா முதல் பஸ்ஸில் போனாள். கிளினிக் கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு மேலே அறிவித்தல் ஒட்டியிருந்தது: ‘எச்.ஐ.வி. தடுப்பு ஏற்பு விழாவை முன்னிட்டு இன்று கிளினிக் நடைபெறாது.’ ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாள். அந்த மருந்தைக் கிளினிக் டொக்டர்தான் தர வேண்டும், அவர் விழாவில் இருக்கிறார் என்றார்கள். கிளினிக் வாசலுக்கே திரும்பி வந்து காத்திருந்தாள். மத்தியானத்துக்குமேல் பொறுக்க முடியாமல் விழா மண்டபத்தைத் தேடிப் போனாள். வாசலில் நின்ற தொண்டர்கள் அவளுடைய சேலையில் பல் தெரியச் சிரிக்கிற முகம் ஒன்றைக் குத்தி உள்ளே விட்டார்கள்.

உள்ளே பணிப்பாளர் இந்திரகுமார் பேசிக்கொண்டிருந்தார்.

"இரகசியம் என்பது ஒருவர் காப்பதல்ல. எல்லோரும் சேர்ந்து காப்பது. அதனால்தான் இன்றைக்கு இத்தனை பேரை அழைத்திருக்கிறோம். நிம்மதியால் எத்தனை பேருக்கு நோய் வராமல் தடுத்தீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். வராத நோயை யாராவது கண்ணால் கண்டதுண்டா? ஏற்பை நான் கண்ணால் காட்டுகிறேன், பாருங்கள்!"

பெரிய திரையில் ஆயிரக்கணக்கான முகங்கள் சிரித்தன. மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் கிளினிக் டொக்டரும் தாதிமாரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலைநாளில் வரச்சொல்லி மேலிடத்திலிருந்து அவர்களுக்கு உத்தரவு. மூன்றாவது வரிசையில் சமயப் பிரமுகர்களோடு றிஸ்வான் ஹாஜியார் இருந்தார்.

கலந்தரை மேடைக்கு அழைத்தார்கள். இரகசியம் காக்கும் பொருட்டு முகத்துக்கு ஒரு மாஸ்க் கொடுத்திருந்தார்கள். பெயரை ஒலிபெருக்கியில் சொல்லித்தான் அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அவர் நிம்மதியிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார் பணிப்பாளர். கேட்க வேண்டிய கேள்வியைக் காலையிலேயே விதுஷா மூலம் சொல்லிக் கொடுத்திருந்தார்: ‘நிம்மதியே, நீ எங்களுக்கு எவ்வாறெல்லாம் உதவுகிறாய்?’

கலந்தர் மைக்கை வாங்கியபோது வாசல் தூணோரம் அனுஷியாவைக் கண்டார். சேலையில் அந்தச் சிரிக்கிற முகம். அதற்கு மேலே அவளுடைய முகம். மருந்து கிடைக்கவில்லை என்று அந்த முகமே சொன்னது. முன்வரிசையில் டொக்டர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மண்டபக் கடிகாரத்தில் மூன்று மணி ஆகப் போகிறது. இனிமேல் பரிசளிப்பு இருக்கிறது, நடனம் இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது.

அவர் மாஸ்க்கைக் கழற்றினார்.

"எனக்கு ஒரு மருந்து வேணும்" என்றார் மைக்கில். "எச்.ஐ.வி. புடிக்காம தடுக்கிற மருந்து. பயந்த காரியம் நடந்து மூணாவது நாள் இன்னைக்கி. கிளினிக்குக்குப் போனா பூட்டிக் கெடக்கு. நான் எங்க போற?"

அவர் பேசியது திரையில் எழுத்தாக ஓடியது. பணிப்பாளர் ஒரு கணம் விழித்தார். மறு கணம் அவருடைய முகம் மலர்ந்தது. இவ்வளவு இயற்கையாக நடிப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நிம்மதி பதில் சொன்னது. "மிக முக்கியமான கேள்வி. தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். இன்று புதன்கிழமை. மாலை நான்கு மணி வரை திறந்திருக்கும். இந்தப் பதிலில் உங்களுக்குத் திருப்தியா?"

மூன்று முகங்கள் திரையில் தோன்றிச் சிரித்தன. மண்டபம் அதிரக் கை தட்டியது. "இதுதான் ஏற்பு!" என்று பணிப்பாளர் கூவினார்.

கலந்தர் எந்த முகத்தையும் அழுத்தவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். "டொக்டரம்மா, போன் என்னப் போகச் செல்லுது. நீங்க இங்க ஈக்கிறீங்க."

கைதட்டல் நின்றது. டொக்டர் எழுந்தார். "உங்களுக்கா? உண்மையாவா?"

"ஓ. எனக்குத்தான்."

மூன்றாவது வரிசையில் றிஸ்வான் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிலத்தைப் பார்த்தார். கலந்தர் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தார்.

"டொக்டர், நன்றியுரை இருக்கு. அதற்குப் பிறகு தேநீர். அதற்குப் பிறகு போனால் போதும்" என்றார் பணிப்பாளர் மெதுவாக. மைக் இயங்கிக்கொண்டிருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

"திரும்பி வந்து தேநீர் குடிக்கிறேன்" என்று டொக்டர் கைப்பையை எடுத்தார்.

கலந்தர் பொன்னாடையோடு அவர் பின்னால் நடந்தார். மண்டபம் அவருக்கு வழிவிட்டது. அளவுக்கு அதிகமாகவே வழிவிட்டது. தூணருகே வந்தபோது யாரையும் பார்க்காமல், "பின்னால வாங்க புள்ள. தள்ளி வாங்க" என்றார்.

கிளினிக்கில் டொக்டர் பூட்டைத் திறந்து உட்கார்ந்ததும் கலந்தர் சொன்னார்: "மருந்து எனக்கில்ல டொக்டரம்மா. வெளிய நிக்கிற புள்ளக்கி."

டொக்டர் நிமிர்ந்தார். "அப்ப மேடையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்பிடி செல்ற? அந்தப் புள்ளய காட்டிச் செல்லவா?"

அனுஷியா முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். நான்கு கிழமைக்கு ஒரு நாளும் தவறாமல் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் இரத்தம் சோதிக்க வேண்டும், தப்பிவிட்டாள் என்று உறுதியாகச் சொல்ல மேலும் சில மாதமாகும், ஆனால் நம்பலாம் என்றார் டொக்டர். மாத்திரைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அனுஷியா நின்றாள். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் அதை ஒளித்துவைக்க இடமில்லை. காத்தாயி தீப்பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கிறவள்.

"கடையில வைங்க" என்றார் கலந்தர். "மலயால எறங்கி வாரப்ப வந்து குடிங்க."

போத்தல் புளி ஜாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு நாளும் வேலை விட்டதும் அனுஷியா வந்தாள். கலந்தர் ஒரு கிளாஸ் தண்ணீரும் போத்தலும் வைத்துவிட்டுத் திரும்பி நிற்பார்.

செயலகத்துக்கு அது பொற்காலம். போனிலிருந்து ஒரு பயனாளர் நேரே கிளினிக்குக்கு நடந்துபோனதைக் கண்ணால் கண்ட சாட்சிகள் மண்டபம் நிறைய இருந்தார்கள். புதிய பதாகை கட்டினார்கள். இப்போது மங்கலாக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘வெட்கத்தை வென்றவர்’ என்று எழுதி, மாஸ்க் இல்லாத கலந்தரின் முகத்தைப் பெரிதாகப் போட்டார்கள்.

ஆஸியா போன் எடுத்து, மகனுக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நிப்லா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வருடாவருடம் கலந்தர் பரிமாறுகிற நோன்புக் கஞ்சிக்கு இந்த முறை வேறு ஆளை ஏற்பாடு செய்திருப்பதாக றிஸ்வான் ஹாஜியார் சொல்லி அனுப்பினார். கடையில் அவிழ்த்து நிறுக்கிற சாமான்களின் வியாபாரம் குறைந்து, கம்பெனி ஒட்டி அனுப்புகிற பாக்கெட்டுகள் மட்டும் போயின. ஒரு நாள் காத்தாயி மருமகளோடு வந்து, தூரத்தில் நின்றே தேயிலை கேட்டாள்.

"பாவம் மனுசன், இந்த வயசுல" என்று மருமகளிடம் சொன்னாள். "அந்தப் போனத் தொட்டா கையக் கழுவு புள்ள."

அனுஷியா கலந்தரைப் பார்த்தாள். கலந்தர் தேயிலையை மேசை நுனியில் வைத்துவிட்டு விலகி நின்றார். மறுநாள் மாத்திரை எடுக்க வந்தபோது அவள் அழுதாள். "நானே சொல்லிடுறேன் நானா. எனக்குத்தான்னு சொல்லிடுறேன்."

"மருந்து முடியட்டும். ரத்தம் பாக்கட்டும். அதுக்குப் பொறகு பாப்போம்" என்றார் கலந்தர்.

விதுஷாவும் வந்தாள். செயலகத்தில் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "நானா, இது பல பேரோட போன், மருந்து உங்களுக்கில்லன்னு நான் பேப்பருக்கு எழுதிக் குடுக்கிறேன். எனக்கு வேல போனாலும் பரவாயில்ல."

"எழுதினா எனத்த கேப்பாங்க மிஸ்? அப்ப மருந்து யாருக்குன்னு கேப்பாங்க."

விதுஷா பேனையைப் பைக்குள் வைத்தாள். தோட்டத்தில் பிறந்தவள் அல்லவா, அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் ஸரீனா மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் கடையைத் துடைக்க வந்தவள் புளி ஜாடியை நகர்த்தினாள். போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்கில்ல."

"அதத்தான் கேக்கிறேன். யாருக்கு?"

கலந்தர் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். ஸரீனா வாய் விட்டுவிடுகிறவள் அல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்த பிறகு அனுஷியாவைப் பார்க்கும்போது அவள் பார்வை மாறும். அந்தப் பார்வையைப் படிக்கக் காத்தாயிக்கு எழுத்தறிவு தேவையில்லை. ஸரீனா போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஜாடியையும் நகர்த்திப் பழையபடி மறைத்தாள். அதற்குப் பிறகும் அவருடைய கோப்பையை அவள் தனியாகக் கழுவவில்லை, சோற்றைத் தூரத்தில் வைக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கலந்தர் கடையைத் திறந்து சற்று நேரம் ஆகியிருக்கும். ஸரீனா வந்து மேசைக்கு இந்தப் பக்கம், வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"போன ஒருக்கா தாங்க" என்றாள்.

அவளுக்கென்று ஒரு போன் வீட்டில் இருக்கிறது. கலந்தர் அதைச் சொல்லவில்லை. போனை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் திரும்புவது போலத் திரும்பினார். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பருப்புச் சாக்கின் வாயை அவிழ்த்தார்.

பின்னால் அவள் நெடுநேரம் எதையோ எழுதினாள். எழுதியதை அழித்து மறுபடியும் எழுதுவதாகத் தோன்றியது. நிம்மதியின் குரல் ரேடியோவுக்கு அடியில் முணுமுணுத்தது, சொற்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காக அவர் ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டினார். தராசில் பருப்பு நிறைந்து தட்டுக்கு வெளியே சிந்தியது. அப்படியும் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

குரல் நின்றது. போனை வைக்கிற சத்தம் வரவில்லை. ஸரீனாவின் கை மேசைக்கு மேலால் நீண்டு வந்து ரேடியோவைத் தணித்தது.

"இதுல அழுற மொகம் ஒண்டு இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் கலந்தர், திரும்பாமல்.

"ஏதாச்சும் ஒண்ட அமத்தாம மூட ஏலாதா?"

"ஏலாது."

அவள் ஒன்றை அழுத்தினாள். போனை மேசையில் வைத்துவிட்டு, தலைத்துண்டை இழுத்துவிட்டபடி வளைவைக் கடந்து வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் மாத்தளையில் செயலகத்தின் பெரிய திரையில் சிரிக்கிற முகம் ஒன்று கூடியது.